எழுத்தறிவு நாள் மேடையில் கற்றவர்களே பேசட்டும்: புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட நூலக ஆணைக்குழுவினர், பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வித் துறை அலுவலர்கள், புதுக்கோட்டை மாவட்டம்.

பொருள்: உலக எழுத்தறிவு நாளைக் கொண்டாடும் முறை குறித்தும், அதன் பிறகான ஆண்டு முழுவதற்குமான ஏற்பாடுகள் குறித்தும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். யுனெஸ்கோ நிறுவனம் 1966-இல் அறிவித்து, 1967 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருவதைத் தாங்கள் அறிவீர்கள். அந்நாளில் பள்ளிப் பிள்ளைகள் பதாகைகளை ஏந்தி ஊர்வலம் போவதும், உறுதிமொழி வாசிக்கப்படுவதும், கட்டுரைப் போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசு வழங்கப்படுவதும் தமிழ்நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டன. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்களின் முன்னிலையில், எழுத்தறிவின் மேன்மையைப் பற்றிப் பேசிக் கலைவதாகவே அந்த விழா பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் எழுத்துக்கூட்டப் பழகியவர்கள் அங்கே பார்வையாளர் வரிசையில்கூட இருப்பதில்லை. வேறு எந்த மாவட்டத்தில் அப்படி நடந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்; புதுக்கோட்டையில் நடக்கலாகாது என்பதற்காகவே, வயது வந்தோருக்கு எழுத்துக் கற்பித்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

இப்போது பணியில் இருக்கும் அலுவலர்களில் பலர் அந்நாளில் பள்ளிப் பருவத்தில் இருந்திருப்பார்கள் என்பதால், நடந்ததைச் சற்று விரித்துச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பின்பற்றி நம் மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஊர் இளைஞர்களும் ஒன்றாக இறங்கி வேலை செய்த அந்த மாதங்களில், சம்பளம் என்று ஒரு காசும் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இரவு நேரங்களில் பாடம் நடத்தினார்கள். கற்போர் பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் நின்றவர்கள் ஆதலால், உலை இறக்கிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பிறகுதான் மையத்துக்கு வர முடியும். தெருவிளக்கின் கீழும், கோயில் திண்ணையிலும், மின்சாரம் எட்டாத குடியிருப்புகளில் அரிக்கேன் விளக்கைச் சுற்றியும் உட்கார்ந்து பலகையில் எழுதினார்கள். கலைப்பயணக் குழுவினர் பறையும் பாட்டுமாக ஊருக்குள் வந்து நாடகம் போட்ட அன்று இரவே பல இடங்களில் கற்போர் பட்டியல் எழுதி முடிக்கப்பட்டது.

முதல் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கியது. நில உரிமை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற பேச்சில் கற்போரே முதலில் இறங்கி, அந்தப் பேச்சு சூடு பிடித்த பின்னரே ‘ப’வும் ‘ட’வும் பலகையில் ஏறும். கூலிக்கணக்கில் ஏமாந்த கதையும், வட்டிக்கு வாங்கிக் கைநாட்டு வைத்த கதையும், பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் வேறு ஊருக்குப் போய் இறங்கிய கதையும் அந்த வட்டத்தில்தான் முதன்முதலாக வெளியே வந்தன. வயது வந்தவருக்குப் பாடம் சொல்லும்போது அவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்று இப்போது பயிற்சிக் கையேடுகள் சொல்வதை, அன்று பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் நடைமுறையில் செய்து காட்டினார்கள்.

சைக்கிளைச் சொல்லாமல் புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. மையத்துக்கு மையம் போக வேண்டிய பெண் தொண்டர்களுக்குப் பேருந்து கிடையாது. இரவில் துணைக்கு ஆளும் கிடையாது. அதனால் சைக்கிள் ஓட்டக் கற்பது இயக்கத்தின் வேலைத்திட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்தபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு ஓட்டியவர்களையும், கேலி பேசியவர்களைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டியவர்களையும் இம்மாவட்டத்தின் சாலைகள் கண்டிருக்கின்றன. அதே காலத்தில் கல்குவாரிகளை மகளிர் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடும் முடிவும் எடுக்கப்பட்டது. கூலிக்குக் கல் உடைத்தவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தது அதன் பின்னர்தான். எழுத்தும் சைக்கிளும் குத்தகையும் தனித்தனித் திட்டங்களாக அன்று எங்களுக்குத் தெரியவில்லை. 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு வரலாற்றை வைத்திருக்கும் மாவட்டம் எழுத்தறிவு நாளை எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது, அந்த அறிவிப்பைச் செய்தவர் முதலமைச்சரோ ஆளுநரோ அல்லர். மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த, அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற மூதாட்டிதான் மேடையேறி அதை அறிவித்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தில், அவ்வளவு பெரிய மனிதர்களுக்கு நடுவில், ஒலிபெருக்கியை ஒரு புதிய கற்றோரின் கையில் கொடுத்த அந்த முடிவுக்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் முதல் வேண்டுகோளும் அத்தகையதே. வரும் செப்டம்பர் 8 அன்று ஒவ்வோர் ஒன்றியத்திலும் நடைபெறும் விழாவில், அறிவொளியில் கற்றவர்களையும், இப்போதைய எழுத்தறிவுத் திட்டத்தில் கற்று வருபவர்களையும் மேடையில் அமர வைக்க வேண்டும். அவர்கள் தமக்குப் பிடித்த ஒரு பக்கத்தைக் கூட்டத்தின் முன் வாசிக்க வேண்டும். அவர்கள் வாசித்து முடிக்கும்வரை, அதற்கு எவ்வளவு நேரமானாலும், விருந்தினர்கள் காத்திருக்க வேண்டும். வாழ்த்துரைகளைக் குறைத்தால் அதற்கு வேண்டிய நேரம் தானாகக் கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல விரும்புகிறேன். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்ற கார்த்தியாயனி அம்மாவுக்கு அப்போது வயது 96. நான்காம் வகுப்பு இணைத் தேர்வில் தேறிய கொல்லம் பாகீரதி அம்மாவுக்கு வயது 105. இருவருக்கும் குடியரசுத் தலைவரின் பெண்ணாற்றல் விருது (நாரி சக்தி புரஸ்கார்) கிடைத்தது முற்றிலும் பொருத்தமானது. ஆயினும் நூறு வயதைத் தொட்டவர் தேர்வெழுதினால் எல்லா நாளிதழ்களிலும் படம் வருகிறது; நாற்பத்தைந்து வயதில், கைக்குழந்தையோடு மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் வீட்டில், பீடிக்கட்டையும் நூறுநாள் வேலையையும் பார்த்துக்கொண்டு, விட்டுவிட்டு மூன்று மழைக்காலங்களில் எழுத்துக் கற்றுக்கொள்ளும் பெண்ணைப் பற்றி எங்கும் ஒரு வரி வருவதில்லை. அதிசயமான ஒருவரைத் தேடிப் பிடித்துச் சால்வை போர்த்துவதாக நம் விழா ஆகிவிடாமல், சாதாரணமாகக் கற்ற பத்துப் பேர் வரிசையாக வாசிப்பதாக இருப்பதையே நாங்கள் விரும்புகிறோம்.

அடுத்து, சற்றுக் கசப்பான செய்திக்கு வருகிறேன். 1992-இல் நாம் கொண்டாடிய எழுத்தறிவு எல்லாரிடமும் தங்கவில்லை. அன்று கையொப்பமிடக் கற்றவர்களில் கணிசமானோர் இன்றும் கையொப்பமிடுகிறார்கள். ஆனால் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் பலரிடமிருந்து நழுவிவிட்டது. இதை அவர்களின் மறதி என்று சொல்வது நியாயமாகாது. கையில் பிடிக்க ஒரு புத்தகமும், உட்கார ஓர் இடமும், படித்ததைப் பேச நான்கு பேரும் இல்லாமல் போன வீட்டில் பட்டதாரியும் படிப்பதை விட்டுவிடுகிறார். அறிவொளிக்குப் பிறகு வளர்கல்வி என்றார்கள், கற்கும் பாரதம் என்றார்கள், கற்போம் எழுதுவோம் என்றார்கள், 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்கிறார்கள். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வருவதற்குள் மையங்களின் பாய்களும் பலகைகளும் எங்கோ போய்விடுகின்றன. பெயர்ப் பலகை எழுதுபவருக்கு மட்டும் வேலை குறையவில்லை. கடைசியாக வெளிவந்த 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்களில் 86.77, பெண்களில் 73.44. ஏழு வயது நிரம்பியவர்களில், ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று வீட்டார் சொன்னதை வைத்து எடுத்த கணக்கு அது. ‘பொருள் புரிந்து’ என்ற சொற்களைக் கண்டிப்பாகச் சோதித்துப் பார்த்தால் அந்த எண் எவ்வளவு இறங்கும் என்பதை மையங்களில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்தில் அண்மையில் கண்டதைச் சொல்கிறேன். குழுவின் தீர்மானப் புத்தகத்தைக் கல்லூரியில் படிக்கும் உறுப்பினரின் மகள்தான் எழுதுகிறாள், அவளே வாசிக்கிறாள். அன்று அவள் வரவில்லை. அறுபதைக் கடந்த ஓர் அம்மா, அறிவொளியில் கற்றவர், நோட்டை வாங்கி மடியில் வைத்து, ஆள்காட்டி விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் நகர்த்திக்கொண்டே சென்ற மாதத் தீர்மானத்தை வாசித்தார். ‘சந்தா’ வரை சரளமாக வந்தது. ‘ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. ‘ஒப்பு’ என்றார், பிறகு ‘கொள்ள’ என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்துவிட்டுத் தாமே முடித்தார். முடித்ததும் கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை; கடன் தவணையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. அடுத்த கூட்டத்திலிருந்து தீர்மானத்தை வாசிப்பது அவர் பொறுப்பாகிவிட்டது என்பதுதான் நடந்த ஒரே மாற்றம். அவருக்கு யாரும் மறுபடி பாடம் நடத்தவில்லை. மாதம் ஒருமுறை வாசித்தே தீர வேண்டிய ஒரு காகிதம் அவர் கைக்கு வந்தது, அவ்வளவே.

அப்படிப்பட்ட காகிதங்களும் புத்தகங்களும் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கேள்வி நூலகத்துக்கு வருகிறது. பொது நூலகச் சட்டத்தை விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் முதன்முதலில் இயற்றியது 1948-இல் அன்றைய சென்னை மாகாணம். கல்வி அமைச்சராக அவினாசிலிங்கம் செட்டியார் இருந்த காலத்தில், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல்லாண்டு விடாமல் வாதாடியதன் பயன் அது. அதற்கும் முன்னதாக, 1931-இல், மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார். படிப்பவர் வரட்டும் என்று காத்திராமல் புத்தகம் ஊரைத் தேடிப் போன அந்த வழி நமக்குப் புதியதன்று. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் நாம் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். ஓட்டு வீட்டுக்காரரும் செலுத்துகிறார். ஊரில் வசூலாகும் அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எவ்வளவு நிலுவையில் இருக்கிறது, அதிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை புத்தகம் வந்தது என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவைச் சுவரில் எழுதுவது ஊராட்சிகளுக்குப் பழக்கமில்லாத வேலை அன்று.

நூலகக் கட்டடங்களைப் பொறுத்தவரை பஞ்சம் என்று சொல்வதற்கில்லை. 2006 முதல் ஐந்தாண்டுகள் நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் ஊராட்சிக்கு ஒன்றாக நூலகம் அமைக்கப்பட்டது. அவை ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் இருப்பவை. பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும் வேறு. இந்த இரண்டு துறைகளுக்கு நடுவில் விழுந்துபோன கட்டடங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. பூட்டுத் துருப்பிடித்த கதவும், கரையான் ஏறிய அலமாரியும், வாசலில் காயும் நெல்லும் எந்த ஊரில் என்று பெயர் சொல்ல வேண்டிய தேவை இல்லாத அளவுக்குப் பொதுவான காட்சிகள். சில ஊராட்சிகள் அவற்றைப் புதுப்பித்து நல்ல முறையில் நடத்துகின்றன என்பதையும் மறுக்கவில்லை. அந்த ஊர்களில் நடந்தது மற்ற ஊர்களில் ஏன் நடக்கவில்லை என்று ஆராய்ந்தால், பெரும்பாலும் விடை ‘சாவி யாரிடம் இருக்கிறது’ என்பதில் வந்து நிற்கும்.

ஆகவே எங்கள் இரண்டாவது வேண்டுகோள் நேரத்தையும் சாவியையும் பற்றியது. பகலில் மட்டும் திறந்திருக்கும் நூலகம் வயல்வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், கட்டட வேலைக்குப் போகும் ஆணுக்கும் மூடிய நூலகமே. மாலை ஆறரை மணிக்குப் பிறகு இரண்டு மணி நேரம், வாரத்தில் நான்கு நாட்களேனும், ஊராட்சி நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும். இதற்காக இப்போதிருக்கும் ஊர்ப்புற நூலகர்களின் தலையில் மேலும் வேலையைச் சுமத்தச் சொல்லவில்லை. குறைந்த ஊதியத்தில் அவர்கள் செய்வதே அதிகம். ஊரில் நன்றாக நடக்கும் ஒரு மகளிர் குழுவிடம் சாவியையும் பதிவேட்டையும் ஒப்படைத்து, அக்குழுவுக்கு ஒரு சிறு தொகையை ஊராட்சி நிதியிலிருந்து வழங்கலாம். கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் காலத்திலிருந்து ஊர்மக்களே குழு அமைத்து வாசகசாலைகளை நடத்தி வருகிறார்கள். அவர் மறைந்த ஜூன் 19 அங்கே வாசிப்பு நாளாகவே கொண்டாடப்படுகிறது. குழுவாகச் சேமித்துக் கோடிக்கணக்கில் கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தத் தெரிந்த நம் பெண்களுக்கு ஒரு நூலகத்தை நடத்தத் தெரியாமல் போகாது. புத்தகம் தொலைந்துவிடுமே என்ற அச்சம் அதிகாரிகளுக்கு எப்போதும் உண்டு. கரையான் தின்பதைவிட ஒரு வீட்டில் தொலைவது மேல் என்றே நான் சொல்வேன்.

எந்தப் புத்தகம் என்பதும் முக்கியம். புதிதாகக் கற்றவரின் கையில் சிறிய எழுத்தில் அச்சான முந்நூறு பக்க நாவலைக் கொடுத்தால் அவர் மரியாதையாக வாங்கி மரியாதையாகத் திருப்பித் தந்துவிடுவார். பெரிய எழுத்தில், குறைந்த பக்கங்களில், ஆனால் குழந்தைத்தனம் இல்லாமல், வயது வந்தவரின் வாழ்க்கையைப் பேசும் புத்தகங்கள் வேண்டும். அறிவொளிக் காலத்தில் அத்தகைய சிறு நூல்கள் நிறைய வெளிவந்தன; நேஷனல் புக் டிரஸ்டும் புதிய கற்றோருக்கென்று வெளியிட்டிருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகப் பிரித்து அச்சிட்ட சிறு புத்தகங்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. அவை பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை என்றாலும், வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இடங்களில் அம்மாக்களும் ஆயாக்களும் அவற்றைப் புரட்டுகிறார்கள். மாலை நூலகத்துக்கும் ஒரு தொகுதியை அனுப்பிவைத்தால் போதும். மேலும் இந்த மாவட்டத்தின் முதியவர்களிடமிருந்தே கதை கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அச்சிட்டுக் கொடுத்தால், தம் பேச்சைத் தாமே படிக்கும் சுவைக்கு ஈடில்லை. நம் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில் அதற்கென்று ஓர் அரங்கை ஒதுக்குவது நிர்வாகத்துக்குக் கடினமான காரியம் அன்று.

மூன்றாவது வேண்டுகோள் தங்கள் அலுவலகங்களைப் பற்றியது. அதைச் சொல்வதற்குச் சிறிது தயக்கமும் உண்டு. கற்றவர் ஒருவர் தாமாக எழுத்துக்கூட்டிப் படிக்க முயலும் முதல் வெளியுலகக் காகிதம் பெரும்பாலும் அரசு அனுப்பியதாகவே இருக்கிறது. குடிநீர் வரி அறிவிப்பு, பட்டா மாறுதல் பற்றிய கடிதம், உரிமைத்தொகை விண்ணப்பம், முதியோர் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டதற்கான காரணம் என்று எதை எடுத்தாலும், ‘பார்வையில் காணும் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது’, ‘மேற்படி நபரது மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படலாகிறது’ என்ற நடையில்தான் இருக்கிறது. பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவரே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும் வாக்கியங்கள் இவை. எழுத்து தெரியாத காலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவர், எழுத்து கற்ற பிறகும் அதே போல இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டியிருந்தால், படிப்பதால் என்ன பயன் என்று அவர் எண்ணுவது இயல்பே. மக்களுக்கு நேரே போகும் அறிவிப்புகளைச் சிறிய வாக்கியங்களில், பெரிய எழுத்தில், ‘உங்கள் மனு ஏற்கப்படவில்லை, காரணம் இது, நீங்கள் செய்ய வேண்டியது இது’ என்ற முறையில் எழுதுமாறு ஓர் உத்தரவு போட்டால், அதுவே ஆயிரம் மையங்களுக்கு ஒப்பான வேலையைச் செய்யும். வெளியே அனுப்புமுன் ஏதாவது ஒரு மாலை மையத்தில் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம். அவர்களுக்குப் புரியாத வரியை மாற்றி எழுதுவதில் அரசின் கண்ணியம் குறையாது.

திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வருபவர்களைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். எழுதிக் கொடுப்பவரின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தன் குறையைத் தன் கையால் நான்கு வரி எழுதத் தெரிந்தவரும், பிழையாக இருந்தால் வாங்க மாட்டார்களோ என்று பயந்து அங்கே பணம் கொடுத்து எழுதுகிறார். ‘உங்கள் மனுவை நீங்களே எழுதலாம், எழுத்துப் பிழை இருந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும்’ என்று ஒரு பலகையும், நிழலில் ஒரு மேசையும், நான்கு பேனாவும், வெள்ளைத் தாளும், உதவிக்கு ஒரு கல்லூரி மாணவரும் இருந்தால் நிலைமை மாறும். அறிவொளிக் காலத்திலும் அதன் பின்னரும் ஊர்ப் பெண்கள் தாங்களே மனு எழுதி, வரிசையாகக் கையொப்பமிட்டு, சுடுகாட்டுப் பாதைக்கும் குடிநீருக்கும் இதே அலுவலகத்தின் படியேறியிருக்கிறார்கள். அந்த மனுக்களில் சந்திப் பிழை நிறைய இருந்தது. பாதைக்காக வந்தவர்களிடம் சந்தி இலக்கணத்தை எதிர்பார்ப்பது முறையன்று.

வாழ்நாள் கல்வி என்ற தொடரைத் திட்ட ஆவணங்களில் அடிக்கடி காண்கிறோம். இப்போதைய திட்டத்திலும் அடிப்படை எழுத்தறிவோடு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி ஆகியன சேர்க்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. பதினைந்து வயது நிரம்பியவர்களுக்குத் தன்னார்வலர்களைக் கொண்டு கற்பித்து, வாசிப்புக்கும் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஐம்பது ஐம்பதாக நூற்றைம்பது மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். பேரப்பிள்ளை படிக்கும் பள்ளியின் அதே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டி தேர்வெழுதும் ஞாயிற்றுக்கிழமைகளை நாங்களும் மகிழ்ச்சியோடு பார்க்கிறோம். ஆனால் தேர்வு முடிந்த திங்கட்கிழமை அவருக்குப் போக ஓர் இடம் இல்லை. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம் என்பதும், அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. அவருடைய இப்போதைய தேவை பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்தது உண்மையான செய்தியா ஏமாற்றா, ஓ.டி.பி. எண்ணை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது, நூறுநாள் வேலையின் கூலி எந்தக் கணக்கில் ஏறியது, ஏ.டி.எம். இயந்திரம் கேட்கும் அடுத்த கேள்வி என்ன என்பவைதான் அவர் கற்க விரும்பும் பாடங்கள். ‘பட்டா’ என்று தொடங்கிய அன்றைய பாடநூலை இன்று எழுதினால் முதல் பாடம் ‘கணக்கு எண்’ என்று இருக்கக்கூடும். மாலை நூலகத்தில் வாரம் ஒருநாள் கைப்பேசிப் பாடத்துக்கு ஒதுக்கினால் கூட்டம் தானே வரும் என்று உறுதியாகச் சொல்கிறேன், ஆண்களும் வருவார்கள். பெண்களோடு உட்கார்ந்து எழுத்துக் கற்க வெட்கப்பட்டு அன்று ஒதுங்கிப் போன ஆண்கள் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது கௌரவமான வாசலாக அமையும்.

தன்னார்வலர்களைப் பற்றி ஒரு சொல். பணம் இல்லாமல் வேலை செய்ய மக்கள் முன்வருவார்கள் என்பதற்கு அறிவொளியே சான்று. ஆனால் அன்று தொண்டருக்குப் பயிற்சி இருந்தது, மாதந்தோறும் கூடிப் பேச ஓர் இடம் இருந்தது, ஆட்சியரே இரவில் மையத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்து கேட்பார் என்ற நம்பிக்கை இருந்தது. இன்று தன்னார்வலரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் பதிவேற்ற வேண்டிய புகைப்படமும் பெயர்ப் பட்டியலும்தான். முன்னறிவிப்பில்லாமல் மாதம் ஒரு மாலை ஏதேனும் ஒரு மையத்துக்கு மாவட்ட உயர் அலுவலர் ஒருவர் போய் உட்கார்ந்தால், அதற்கு ஈடாக எந்தச் சான்றிதழும் நிற்காது.

மேற்கண்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை என்பதைத் தாங்களே காண்பீர்கள். முதற்கட்டமாக ஒன்றியத்துக்கு இரண்டு ஊராட்சிகளைத் தேர்ந்து மாலை நூலகத்தைத் தொடங்கலாம். அக்டோபர் 2 கிராம சபையில் சாவியை எந்தக் குழுவிடம் ஒப்படைப்பது என்று தீர்மானம் இயற்றலாம். தைப் பொங்கலுக்குள் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்து மற்ற ஊர்களுக்கு விரிக்கலாம். எங்கள் பங்குக்கு, இம்மாவட்டத்தில் இன்னும் நடமாட்டத்தோடு இருக்கும் பழைய அறிவொளித் தொண்டர்களை ஒன்றியவாரியாகத் திரட்டித் தருகிறோம். பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். மாலையில் அவர்களுக்கு நேரம் இருக்கிறது. எங்களிடம் கற்றவர்களின் பெயர்ப் பதிவேடுகள் சில இன்னும் சிலர் வீடுகளில் இருக்கின்றன. விழா மேடைக்கு யாரை அழைப்பது என்று தேடுவதற்கு அவை உதவும். செப்டம்பர் 8-க்கு முன்பாக ஒரு நாளைக் குறித்து, மாவட்ட மைய நூலகத்தில் எங்களையும் துறை அலுவலர்களையும் ஒன்றாக அழைத்துப் பேசுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கூட்டத்தைப் பிற்பகல் நாலரைக்கு மேல் வைத்தால் கற்போர் சிலரையும் உடன் அழைத்து வர இயலும்.

இங்ஙனம்,
அறிவொளி இயக்கத்தின் முன்னாள் தொண்டர் ஒருவர்,
குன்றாண்டார்கோவில் ஒன்றியம்,
புதுக்கோட்டை மாவட்டம்.